யாஸ்மினா ரேசா: நடிகை, நாடகாசிரியர், இயக்குநர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கலை' நாடகத்தை ஆங்கிலத்தில் படித்தவர்களும் 'கார்னேஜ்' படத்தைப் பார்த்தவர்களும் நாடகக் குழுக்களில் இருப்பவர்களும் இவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். நாடகப் பெயர்களைத் தமிழில் தந்திருக்கிறோம். தேவைப்படும் இடத்தில் கதையும் சுருக்கமாக உண்டு.

யார் இந்த யாஸ்மினா ரேசா?

1959 மே 1 அன்று பாரிஸில் பிறந்தவர். அம்மா புடாபெஸ்ட்டிலிருந்து வந்த வயலின் கலைஞர். அப்பாவின் குடும்பத்துக்கு ஈரானிய, ரஷ்ய வேர்கள். இரு பக்கமும் யூதக் குடும்பங்கள். வீட்டில் இசை உண்டு, ஆனால் நாடகக்காரர்கள் யாரும் இல்லை. நாந்தேர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ழாக் லெகோக்கின் நாடகப் பள்ளிக்குப் போனார். நடிகையாக மேடையேறி, பிறகு எழுத வந்து, கடைசியாகத்தான் இயக்கத்துக்கு வந்தார். இந்த வரிசையை நினைவில் வையுங்கள். அவர் எழுத்தில் பல விஷயங்கள் விளங்க இதுதான் சாவி.

லெகோக் பள்ளியில் அப்படி என்ன சொல்லித்தருகிறார்கள்?

1956இல் பாரிஸில் தொடங்கிய பள்ளி அது. படிப்பு 2 வருடம். லெகோக் உடற்பயிற்சித் துறையிலிருந்து நாடகத்துக்கு வந்தவர், அதனால் அங்கே முதலில் உடம்பு, அப்புறம்தான் வசனம். முதல் வருடத்தில் உணர்ச்சி எதையும் காட்டாத நடுநிலை முகமூடியை மாட்டிவிட்டு நடக்கச் சொல்வார்கள், நிற்கச் சொல்வார்கள், திரும்பச் சொல்வார்கள். முகம் மறைந்துவிட்டால் தோளும் முழங்காலும் பொய் சொல்வது பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டாம் வருடத்தில் மெலோடிராமா, இத்தாலிய முகமூடி நாடகம், துன்பியல், கோமாளி என்று நாடக வகைகள் ஒவ்வொன்றாக வரும்.

இதையெல்லாம்விட முக்கியமானது அங்குள்ள ஒரு வழக்கம். ஆசிரியர் ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். மாணவர்களே குழுவாகச் சேர்ந்து ஒரு சிறு காட்சியை உருவாக்கி, வாரக் கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் நடித்துக்காட்ட வேண்டும். எழுதுவதும் இயக்குவதும் நடிப்பதும் அதே நாலைந்து பேர்தான். அங்கே படித்த பலர் பிற்பாடு சொந்தக் குழு ஆரம்பித்ததற்கும் எழுத வந்ததற்கும் இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கினும் அங்கே பயின்றவர்தான்.

நடிகை எப்போது நாடகாசிரியர் ஆனார்?

ஆரம்பத்தில் சமகால நாடகங்களிலும், மோலியேர், மாரிவோ போன்றோரின் பழைய நாடகங்களிலும் நடித்துக்கொண்டிருந்தார். 1987இல் 'அடக்கத்துக்குப் பின் உரையாடல்கள்' மேடையேறியது. அப்பாவைச் சொந்த நிலத்திலேயே புதைத்துவிட்டு வந்த பிள்ளைகளும் உறவினர்களும் அன்று பகலைக் கழிக்கும் நாடகம் அது. இயக்கியவர் பத்ரிஸ் கெர்ப்ரா. முதல் நாடகத்துக்கே சிறந்த நாடகாசிரியருக்கான மோலியேர் விருது கிடைத்தது. பிரெஞ்சு நாடக உலகில் மோலியேர் விருதுக்குத்தான் பெரிய மரியாதை. அப்போது அவருக்கு 28 வயது நிறைந்திருந்ததோ இல்லையோ, அந்த வயதுதான்.

'கலை' எதைப் பற்றிய நாடகம்? ஒரு வெள்ளைப் பலகையைச் சுற்றி இவ்வளவு பேச்சா?

ஆமாம், வெள்ளைப் பலகையைச் சுற்றித்தான். தோல் மருத்துவர் செர்ஜ், அந்த்ரியோஸ் என்ற ஓவியரின் படம் ஒன்றை 200,000 ஃபிராங்குக்கு (யூரோவுக்கு மாற்றினால் சுமார் 30,500) வாங்குகிறார். ஏறக்குறைய 1.60 மீட்டருக்கு 1.20 மீட்டர். வெள்ளைப் பின்னணி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சாய்வான மெல்லிய வெள்ளைக் கோடுகள். விமானப் பொறியாளரான நண்பர் மார்க் அதைப் பார்த்துவிட்டுக் கழிசடை என்கிறார். மூன்றாவது நண்பர் இவான், காகிதப் பொருள் விற்பனைக்கு இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர், சீக்கிரம் கல்யாணம் ஆகப்போகிறவர். இவருக்கு இரண்டு பக்கமும் வேண்டும், அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுகிறது.

சண்டை ஓவியத்தில் ஆரம்பித்தாலும் சீக்கிரமே அதை விட்டு விலகிவிடுகிறது. 'என்னைக் கேட்காமல் நீ எப்படி ஒன்றை ரசிக்கலாம்' என்பதுதான் மார்க்கின் மனக்குறை. தன் ரசனையின் நிழலில் வளர்ந்த நண்பன் தன்னை விட்டுப் போய்விட்டான் என்ற பொறாமை அது.

இவானின் புகழ்பெற்ற நீண்ட பேச்சு நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கமே இல்லாமல் புரியும். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரைப் போடுவது என்ற தகராறு. பெண்ணுக்குத் தன் சித்தியின் பெயர் வேண்டும். அதைப் போட்டால் இவானின் சித்தி பெயரையும் போட்டாக வேண்டும். அவள் பெயர் இருந்தால் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்கிறாள் பெற்ற அம்மா. பக்கக் கணக்கில் நீளும் இதை, தாமதமாக வந்து கதவைத் திறந்த மூச்சிலேயே கொட்ட வேண்டும். இவான் வேடத்துக்கு ஆள் எடுக்கும்போது பலரும் சோதிப்பது இந்த இடத்தைத்தான். நடுவில் மூச்சு வாங்கினால் சிரிப்பு அறுந்துவிடும். சிரிப்புக்காக நிறுத்தினால் இவானின் அவஸ்தை பொய்யாகிவிடும்.

எங்கெல்லாம் ஓடியது?

1994 அக்டோபர் 28, பாரிஸ், கொமேதி தே ஷாம்ப்ஸ்-எலிசே அரங்கம். பியர் வனெக், ஃபாப்ரிஸ் லுகினி, பியர் ஆர்திதி நடிக்க, கெர்ப்ரா இயக்கினார். அடுத்த வருடம் மோலியேர் விருதுகள். 1996இல் லண்டன், கிறிஸ்டோபர் ஹாம்ப்டனின் ஆங்கிலத்தில், மாத்யூ வார்ச்சஸ் இயக்கத்தில். ஆல்பர்ட் ஃபின்னி, டாம் கோர்ட்னி, கென் ஸ்டாட் மூவரும் தொடங்கிவைத்தார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவர் நடிகர் ஷான் கானரி. நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்க, நாடகம் சுமார் 6 வருடம் ஓடியது. 1998இல் நியூயார்க் பிராட்வேயில் ஆலன் ஆல்டா, விக்டர் கார்பர், ஆல்ஃபிரட் மொலினா. சிறந்த நாடகத்துக்கான டோனி விருதும் வந்தது. 2025இல் பிராட்வேயில் மறுபடியும் போட்டார்கள்.

லண்டனில் நகைச்சுவைப் பிரிவில் பரிசு கொடுத்தபோது, தான் துயர நாடகம் எழுதியதாக அல்லவா நினைத்திருந்தேன் என்று ரேசா சொன்னது பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது. கேலியாகச் சொன்னதுதான், ஆனாலும் நடிப்பவர்கள் அதைப் பாதியாவது நம்புவது நல்லது.

இவ்வளவு மொழிகளுக்குப் போனதன் ரகசியம் என்ன?

30க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது. எழுத்தின் தரத்தை ஒதுக்கிவிட்டுத் தயாரிப்பாளர் கண்ணோடு பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். 3 நடிகர்கள், ஒரே அரங்கு, இடைவேளை இல்லாமல் சுமார் 90 நிமிடம். 'கார்னேஜ்' படமாக வந்த இவரது இன்னொரு நாடகம் 'படுகொலைக் கடவுள்' என்றால் 4 நடிகர்கள், அதே ஒரே அரங்கு. நடிகர் ஒருவர் விலகினால் அடுத்தவரைச் சில வாரங்களில் தயார் செய்துவிடலாம். பெரிய நட்சத்திரம்கூட 'மூன்று மாதம்தானே' என்று ஒப்புக்கொள்வார்.

இன்னொன்று, இவர் நாடகங்களில் மேடைக் குறிப்பு கஞ்சத்தனமாகத்தான் இருக்கும். 'கலை'க்கு ஒரு வீட்டு வரவேற்பறை, முடிந்தவரை வெறுமையாக, நடுநிலையாக இருக்க வேண்டும் என்கிறார், அவ்வளவுதான். காட்சிகள் மூன்று பேர் வீட்டிலும் மாறி மாறி நடக்கும், ஆனால் சுவரில் தொங்கும் படத்தைத் தவிர எதுவும் மாறாது. செர்ஜ் வீட்டில் வெள்ளை ஓவியம். மார்க் வீட்டில் சன்னலிலிருந்து தெரியும் நிலக்காட்சி. இவான் வீட்டில் சுமாரான ஒரு படம், அது அவன் அப்பா வரைந்தது என்று பிறகுதான் தெரியவரும். படம் மாறினால் வீடு மாறியதாக அர்த்தம். இதைவிடச் சிக்கனமான அரங்க மாற்றம் கிடையாது.

எங்கள் குழு 'கலை'யைப் போடப்போகிறது. அந்த வெள்ளை ஓவியத்தில் என்ன சிக்கல் வரும்?

மூன்று சிக்கல்கள் வரும்.

முதலாவது வெளிச்சம். சுத்த வெள்ளைப் பலகையில் நேர் விளக்கு பட்டால் பார்வையாளர் கண் கூசும், நடிகர் முகம் இருண்டுபோகும். தும்பைப்பூ வெள்ளை வேண்டாம், துளி சாம்பலோ மஞ்சளோ கலந்த வெள்ளையைப் பூசுங்கள். பலகையை நேரே வைக்காமல் மேல்விளிம்பு லேசாக முன்னால் சாயும்படி வையுங்கள். கோடுகளை வர்ணத்தால் போடுவதைவிட, மெல்லிய காகித நாடாவை ஒட்டி அதன்மேல் வெள்ளை பூசினால் பக்க வெளிச்சத்தில் மட்டும் தெரியும். நாடகத்துக்கு வேண்டியதும் அதுதான், சிலருக்குத் தெரிய வேண்டும், சிலருக்குத் தெரியக் கூடாது.

இரண்டாவது பேனா. உச்சக்கட்டத்தில் செர்ஜே மார்க்கின் கையில் ஃபெல்ட் பேனாவைக் கொடுக்க, மார்க் அந்த 200,000 ஃபிராங்க் ஓவியத்தின் மேல் சரிவில் சறுக்கும் ஒரு பனிச்சறுக்கு வீரனை நீல மையில் வரைகிறான். பிறகு அதைத் துடைத்தெடுக்க வேண்டும், தினமும். சாதாரண எமல்ஷன் பூச்சு மையைக் குடித்துவிடும், எவ்வளவு துடைத்தாலும் நீலச் சாயல் நிற்கும். பூச்சுக்கு மேல் பளபளப்பு இல்லாத தெளிவான அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கோட் கொடுத்து, முழுதாகக் காயவிட்டு, நீரில் கரையும் மைப் பேனாவால் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். விளக்குச் சூட்டில் மை சீக்கிரம் இறுகும் என்பதால் சோதனையை விளக்கைப் போட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரே மாதிரி இரண்டு பலகை இருப்பது உத்தமம். நிரந்தர மைப் பேனா ஒத்திகை அறைப் பக்கமே வரக் கூடாது. யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த மை கழுவினால் போய்விடும் என்பது செர்ஜுக்கு முன்பே தெரியும். தெரியாது என்று நண்பனிடம் பொய் சொன்னதைக் கடைசியில் நம்மிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறார். நட்பு மறுபடி ஒட்டியது அந்தப் பொய்யால்தான். ஆகவே பேனாவைக் கொடுக்கும் கணத்தில் நடிகர் முகத்தில் தியாகமும் இருக்க வேண்டும், கணக்கும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் காட்டினால் முடிவு சப்பென்று ஆகிவிடும்.

மூன்றாவது ஆலிவ். சண்டை ஓய்ந்து மூவரும் பேசாமல் ஆலிவ் தின்னும் இடம் உண்டு. கொட்டை எடுத்த ஆலிவை வாங்கிவிடாதீர்கள். கொட்டை கிண்ணத்தில் விழும் 'டக்' சத்தம் அந்த மௌனத்துக்குத் தாளம். கிண்ணம் பீங்கானாக இருக்கட்டும், பிளாஸ்டிக்கில் சத்தம் வராது. வாயில் கொட்டையோடு யாரும் வசனம் பேசாதபடி யார் எத்தனை ஆலிவ் எடுப்பது என்பதை ஒத்திகையிலேயே எண்ணி முடிவு செய்துவிடுங்கள்.

'படுகொலைக் கடவுள்' கதை என்ன?

பூங்காவில் 11 வயதுப் பையன் ஒருவன் இன்னொரு பையனைக் குச்சியால் அடித்து இரண்டு பற்களைச் சேதப்படுத்திவிடுகிறான். இரண்டு பெற்றோர்களும் நாகரிகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு வீட்டில் கூடுகிறார்கள். மேசையில் டியூலிப் பூக்கள், கலைப் புத்தகங்கள், வீட்டில் செய்த பழ கேக். ஒன்றரை மணி நேரத்தில் நால்வரும் பிள்ளைகளைவிடக் கேவலமாகிவிடுகிறார்கள். கணவன்-மனைவி அணி உடைந்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிறகு மூவர் சேர்ந்து ஒருவரை என்று கூட்டணி மாறிக்கொண்டே இருக்கும். ரம் பாட்டில் வந்ததும் மிச்சமிருந்த மானமும் போய்விடும். நம் ஊர்ப் பஞ்சாயத்து பார்த்தவர்களுக்குப் பரிச்சயமான காட்சிதான்.

முதலில் மேடையேறியது 2006 டிசம்பரில், சூரிச் நகரில், யூர்கன் கோஷ் இயக்கத்தில். பாரிஸுக்கு 2008 ஜனவரியில் வந்தது. அந்துவான் அரங்கில் ரேசாவே இயக்க, இசபெல் உப்பேர், ஆந்த்ரே மார்கோன், வலேரி போனத்தோன், எரிக் எல்மோஸ்னினோ நடித்தார்கள். அதே வருடம் லண்டனில் ரால்ஃப் ஃபைன்ஸ், டாம்சின் கிரெய்க், ஜேனட் மெக்டியர், கென் ஸ்டாட். 'கலை'யில் இவானாக நடித்த அதே கென் ஸ்டாட்தான். 2009இல் பிராட்வேயில் ஜேம்ஸ் கண்டோல்ஃபினி உள்ளிட்ட நால்வர், ரேசாவுக்கு இரண்டாவது டோனி விருது.

அந்த வாந்திக் காட்சியை மேடையில் எப்படிச் செய்கிறார்கள்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். அனெத் என்ற பாத்திரம் விருந்து வந்த வீட்டின் அரிய கலைப் புத்தகங்கள் மேல் வாந்தி எடுத்துவிடுவாள்.

பொதுவாக இரண்டு வழி. ஒன்று, வாயில் அடக்கிக்கொள்வது. சற்று முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்திலோ கைக்குட்டையிலோ மறைத்து வைத்திருப்பதை வாயில் எடுத்துக்கொள்வார்கள். ஐம்பது அறுபது மில்லிக்கு மேல் அடங்காது, அடக்கியபின் வசனம் கிடையாது. சின்ன அரங்கத்துக்கு இது போதும். இரண்டாவது, குழாய். சோபாவிலோ உடையின் கைப்பகுதியிலோ மெல்லிய குழாய் செருகி, அழுத்துப் பையோ பம்ப்போ வைத்துப் பீச்சுவது. அளவு அதிகம் கிடைக்கும், ஆனால் குழாயின் வாய் வாய்க்கு நேராக நிற்காவிட்டால் கையிலிருந்து வாந்தி வருவதுபோல் ஆகிவிடும்.

கலவைக்கு வேகவைத்த ஓட்ஸ், மசித்த வாழைப்பழம், பிஸ்கட் தூள், தண்ணீர் போதும். பால் சேர்க்காதீர்கள். விளக்குச் சூட்டில் பத்து நிமிடத்தில் புளித்த நாற்றம் எழும்பி மீதி நாடகம் முழுக்க நடிகர்கள் அதை முகர்ந்துகொண்டே நடிக்க வேண்டியிருக்கும். கட்டி அதிகமானால் குழாய் அடைக்கும், தண்ணீர் அதிகமானால் தரை வழுக்கும். தரைக்கு வழுக்காத விரிப்பு, ஆண் நடிகருக்கு இரண்டாவது பேன்ட், தினம் ஒரு புத்தகத்துக்கு மாற்று அட்டை, இவை முன்கூட்டியே கணக்கில் வர வேண்டும். நனைந்த புத்தகத்தை உலர்த்தும் ஹேர் டிரையர் உண்மையிலேயே ஓட வேண்டும். அதற்கான மின் இணைப்பு விளக்குகளின் இணைப்போடு சேர்ந்திருந்தால் நடுக்காட்சியில் எல்லாம் அணைந்துபோகும் ஆபத்து உண்டு. தனி இணைப்பாக எடுத்துவிடுங்கள்.

பூச்சாடிக்குள் போடப்படும் கைபேசிக்கு உள்ளே ஒன்றும் இல்லாத பழைய கூடு போதும். நாடகம் முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கும் மணியோசை மேடை ஒலிபெருக்கியிலிருந்து வரட்டும், நடிகர் சட்டைப்பையிலிருந்து அல்ல. உண்மையான கைபேசியை நம்பினால் உண்மையான அழைப்பும் வரும்.

தன் நாடகங்களில் தானே நடித்திருக்கிறாரா?

நடித்திருக்கிறார். 2000இல் 'வாழ்க்கையின் மூன்று வடிவங்கள்' பாரிஸில் வந்தபோது கத்ரின் ஃப்ரோ, ரிஷார் பெரி, ஸ்தெஃபான் ஃப்ரைஸ் மூவருடன் நான்காவதாக மேடையில் நின்றார். விருந்தாளிகள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட, வீட்டில் ஒன்றும் இல்லை, உள்ளே குழந்தை தூங்க மறுக்கிறது. இதே மாலை மூன்று முறை, மூன்று விதமாக நடக்கும். 'ஆர்தர் ஷோப்பன்ஹவரின் சறுக்குவண்டியில்' நாடகத்திலும் நடித்தார்.

இரண்டு முறையும் இயக்கியவர் வேறொருவர். நடிக்கும் நாடகத்தைத் தானே இயக்குவதில் உள்ள அபாயம் எளிது: மேடையில் நிற்பவரால் மேடையைப் பார்க்க முடியாது. ஒத்திகையில் தனக்குப் பதில் ஒருவரை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்து பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் கடைசி வாரத்தில் உண்மையான நடிகர் உள்ளே வந்ததும் எல்லா வேகமும் மாறிவிடும்.

தான் எழுதியதைத் தானே இயக்குவது நல்லதா?

ரேசா 2008க்குப் பின் தொடர்ந்து அதைச் செய்துவருகிறார். 'பெல்லா ஃபிகுரா'வைப் பாரிஸில் 2017இல் இயக்கினார். 2020இல் லா கொலின் தேசிய அரங்கில் 'பேரழகி ஆன்-மரி', 2023இல் அதே அரங்கில், தன்னைப் பாடகி செலின் தியோன் என்று நம்பும் இளைஞனைப் பற்றிய 'ஜேம்ஸ் பிரவுன் தலைமுடிக்குச் சுருள் மாட்டினார்'.

இதில் 'பேரழகி ஆன்-மரி'யை உற்றுப் பார்க்கலாம். சிறு ஊரிலிருந்து பாரிஸுக்கு வந்து, சின்ன வேடங்களிலேயே ஆயுளைக் கழித்த ஒரு வயதான நடிகை. புகழ்பெற்ற தோழி இறந்துபோன நேரம். யாரோ பேட்டி எடுப்பதுபோல் அவள் பேசிக்கொண்டே போகிறாள். ஒற்றை ஆள் நாடகம். அந்த வேடத்தை ஆந்த்ரே மார்கோன் என்ற ஆணுக்குக் கொடுத்தார் ரேசா. குரலை மெல்லியதாக்கி நளினம் காட்டும் வேலையெல்லாம் அதில் இல்லை. வேறொரு நடிகை செய்திருந்தால் 'இவள் தன் கதையைத்தான் சொல்கிறாளோ' என்று பார்வையாளர் தேடியிருப்பார்கள். ஆண் நடிகர் வந்ததும் அந்தத் தேடல் நின்று தொழிலின் கதை மட்டும் மிஞ்சுகிறது. எழுதியவரே இயக்கியதால்தான் இந்தத் துணிச்சல் எளிதாக வந்தது என்று நினைக்கிறோம். வெளி இயக்குநர் இதைக் கேட்டிருந்தால் ஆசிரியரிடம் நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்திருக்கும். மார்ச்சில் தொடங்கிய அந்த ஓட்டத்தைக் கொரோனா ஊரடங்கு நிறுத்தியது தனிக் கதை.

கெடுதலும் உண்டு. ஆசிரியர்-இயக்குநருக்கு ஒவ்வொரு வரியின் ஓசையும் முன்பே காதில் இருக்கும். நடிகர் வேறு ஓசையில் சொன்னால் தவறு என்று தோன்றும். நடிகராக இருந்து வந்தவர் என்பதால் ரேசாவுக்கு அது இன்னும் கூர்மையாகவே இருக்கும்.

முதல் மேடையேற்றம் ஏன் அடிக்கடி ஜெர்மன் மொழி அரங்குகளில் நடக்கிறது?

வியன்னா (2000, 'வாழ்க்கையின் மூன்று வடிவங்கள்', இயக்கம் லுக் போந்தி), சூரிச் (2006, 'படுகொலைக் கடவுள்'), பெர்லின் ஷௌபியூனே அரங்கம் (2015, 'பெல்லா ஃபிகுரா', இயக்கம் தோமாஸ் ஓஸ்டர்மையர்), பிறகு மியூனிக் என்று பட்டியல் நீளும். ஜெர்மன் மொழி நாடுகளின் நகர அரங்குகளில் மாதச் சம்பள நடிகர் குழு நிரந்தரமாக இருக்கும், ஒரே மாதத்தில் பல நாடகங்களை மாற்றி மாற்றிப் போடுவார்கள். புது நாடகம் தோற்றாலும் அரங்கம் மூழ்காது. பாரிஸ் தனியார் அரங்கில் நட்சத்திரத்தின் தேதிக்காக ஒன்றரை வருடம் காத்திருக்கும் நிலை அங்கே இல்லை. 'பெல்லா ஃபிகுரா' ஓஸ்டர்மையர் கேட்டு எழுதியதே.

பிரான்சில் இந்த மூன்று வேலைக்கும் வருமானம் எப்படி?

ஒரே ஆள் செய்தாலும் சட்டத்தின் கண்ணில் மூன்றும் வேறு.

நடிகர் ஒப்பந்தத் தொழிலாளி. 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை காட்டினால் வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். ஒரு காட்சிக்கான ஊதியம் 12 மணி நேரமாகக் கணக்கிடப்படும். ஆக 43 காட்சிகள் நடித்தால் கணக்கு தாண்டிவிடும். இயக்குநரின் ஒத்திகைச் சம்பளமும் இந்தக் கணக்கில் சேரும்.

எழுதுவது சேராது. நாடகாசிரியருக்குக் கிடைப்பது உரிமைத்தொகை, சம்பளம் அல்ல. இரண்டு வருடம் எழுதினாலும் 507இல் ஒரு மணி நேரம்கூட ஏறாது. எழுதவும் ஆசைப்படும் நடிகைகள் பலர் தடுக்கிவிழும் இடம் இதுதான்: எழுத உட்கார்ந்த வருடத்தில் நடிப்பு குறைந்து, உதவித்தொகைத் தகுதி போய், எழுத்தை முடிப்பதற்குள் வேறு வேலை தேட வேண்டிவரும்.

உரிமைத்தொகையை வசூலிப்பது நாடகாசிரியர் சங்கம். 1777இல் நாடகாசிரியர் பொமார்ஷே தொடங்கியது அது. பொதுவாக வசூலில் 10 முதல் 12 சதவீதம் ஆசிரியர் பங்கு, மொழிபெயர்ப்பு என்றால் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நாடகம் ஓடாவிட்டால் ஒன்றுமில்லை. 'கலை' மாதிரி வருடக்கணக்கில் ஓடினால் வேறு எந்த வேலையும் செய்யத் தேவையில்லை. தேசிய அரங்குகளில் தன் விருப்பப்படி நிதானமாக இயக்கும் சுதந்திரம் ரேசாவுக்குக் கிடைத்ததில் தனியார் அரங்க வசூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அறிவுஜீவிகள் இவரை ஏற்கவில்லை என்கிறார்களே?

பிரான்சில் அரசு மானிய அரங்கு ஒரு உலகம், டிக்கெட் காசில் ஓடும் தனியார் அரங்கு இன்னொரு உலகம். தனியார் அரங்கில் வெற்றி பெற்றவரை மற்றவர்கள் 'பொழுதுபோக்கு நாடகக்காரர்' என்று ஒதுக்குவது பழைய பழக்கம். அதோடு 'கலை' நவீன ஓவியத்தைக் கிண்டலடித்து, பழமைவாதிகளுக்குத் தீனி போடுகிறது என்ற குற்றச்சாட்டும் வந்தது. இது பாதி வாசிப்பு. நாடகம் மார்க்கின் பக்கம் நிற்கவே இல்லை. கடைசிப் பேச்சில் அந்த வெள்ளையில் பனியையும், அதில் சறுக்கி மறையும் மனிதனையும் காண்பவன் அதே மார்க்தான். ஆனால் பார்வையாளரில் ஒரு பகுதி முதல் அரை மணி நேரச் சிரிப்போடு வீட்டுக்குப் போய்விடுகிறது என்ற குறை நியாயமானது.

பெண் நாடகாசிரியர்கள் பிரான்சில் அரிதா?

2006இல் பண்பாட்டு அமைச்சகத்துக்கு ரேன் பிரா கொடுத்த அறிக்கையின்படி, அரசு மானிய அரங்குகளில் மேடையேறும் நாடக எழுத்தில் 85 சதவீதம் ஆண்களுடையது, இயக்கத்தில் 78 சதவீதம். ரேசாவின் நாடகங்கள் உலகம் முழுக்க ஓடிய காலத்து எண்கள்தான் இவை.

சினிமாவும் நாவலும்?

'படுகொலைக் கடவுள்' நாடகத்தை இயக்குநர் ரொமான் பொலான்ஸ்கியுடன் சேர்ந்து திரைக்கதையாக்கினார். 2011இல் 'கார்னேஜ்' என்று வந்தது. கதை நியூயார்க்கில் நடந்தாலும், பொலான்ஸ்கி அமெரிக்காவுக்குள் போக முடியாத நிலையில் இருந்ததால் படப்பிடிப்பு பாரிஸில். தழுவல் திரைக்கதைக்கு, பிரெஞ்சு சினிமா விருதான செசார் கிடைத்தது. 2010இல் 'சிகாஸ்' என்ற படத்தைத் தானே இயக்கினார். 2007இல் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் நின்ற சர்கோசியின் பிரசாரத்தைக் கூடவே இருந்து பார்த்து ஒரு நூல் எழுதினார். 2016இல் 'பாபிலோன்' நாவலுக்கு ரெனோதோ என்ற பிரெஞ்சு இலக்கியப் பரிசு. செலின் தியோன் ஆகிவிட்ட பையன் முதலில் வந்தது 2013இல் வெளியான அவரது கதைப் புத்தகத்தில்தான். பத்து வருடம் கழித்து மேடைக்கு வந்தான்.

இவர் நாடகத்தைத் தமிழில் போட அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். ஆசிரியர் உயிரோடிருக்கிறார், உரிமை முழுக்க அவருடையது. பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தால் அவர் தரப்பு அனுமதி மட்டும் போதும். ஹாம்ப்டனின் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் அந்த மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு, ஆகவே இரண்டு அனுமதி. புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த ஒருவரைப் பிடிப்பது பல வகையில் லாபம்.

கேட்கும் கடிதத்தில் அரங்கின் இருக்கை எண்ணிக்கை, காட்சிகள் எத்தனை, டிக்கெட் விலை, தேதிகள், மொழிபெயர்ப்பாளர் விவரம் இவ்வளவும் இருக்க வேண்டும். இவை இல்லாத கடிதத்துக்கு விவரம் கேட்டுப் பதில் வரவே ஒரு மாதம் ஆகலாம். பெயர்களையும் ஊரையும் மாற்றி மதுரைக் கதையாக்கும் எண்ணம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது மொழிபெயர்ப்பு அல்ல, தழுவல், தனியாக ஒப்புதல் வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், தொழில்முறை அல்லாத குழு கட்டணம் வாங்காமல் பார்வையாளர் முன் நடிப்பதற்கு விலக்கு இருக்கிறது. கல்லூரி விழாவுக்கு அது கைகொடுக்கலாம். நன்கொடைச் சீட்டு என்ற பெயரில் காசு வாங்கினால் அந்த விலக்கு பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். மொழிபெயர்ப்பை அச்சிடுவதற்கோ காணொளியை இணையத்தில் ஏற்றுவதற்கோ அது பொருந்தாது.